விளக்கு வைத்த நேரத்தில் ஒரு கிரேக்கச் சொல்

அரைகுறையாகப் படித்தவனால் ஊருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. நேற்றுதான் படித்தவனால்தான் ஆபத்து. படித்தது இன்னும் சூடு ஆறாமல் இருக்கும்; யார் தலையிலாவது அதைக் கொட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். திருச்சியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் கால் என்னுடையது. (இரண்டாவது காலும் என்னுடையதுதான்.)

அந்த வருடம் கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த அகராதி என்னிடம் மாட்டிக்கொண்டது. அதில் ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிரேக்க வேர். நாயைக் கண்டு பயந்தால் சைனோபோபியா. ‘கியோன்’ என்றால் நாய். ஊசியைக் கண்டு பயந்தால் பெலோனிபோபியா. ‘பெலோனி’ என்றால் ஊசி. ‘போபோஸ்’ என்ற சொல்லுக்கே ஆதியில் பயம் என்று பொருள் இல்லையாம். போர்க்களத்திலிருந்து தலைதெறிக்க ஓடுவதுதான் போபோஸ். பயம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாம். ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்ததுகூட எனக்குக் காதில் விழவில்லை.

விடுமுறைக்கு எங்கள் ஊர் எறையூருக்கு வந்ததும் கடையை விரித்துவிட்டேன். தபால்காரருக்கு நாய் என்றால் ஆகாது. “அண்ணே, ஒங்களுக்கு சைனோபோபியா” என்றேன். பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிளை மிதித்துப் போனார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரம்மா வந்து நின்றார். “ஊசின்னா எனக்குக் கைகாலு ஒதறுதேடா, எனக்கெல்லாம் பேரு கெடையாதா?” அவருக்கும் ஒன்று கொடுத்து அனுப்பினேன். தெருவில் பயமில்லாதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நடமாடினார்கள்.

நம் சொற்களைப் பற்றி அப்போது எனக்கு ஒரே ஏளனம். குலை நடுங்குது, வயித்தைக் கலக்குது, தொடை நடுங்குது என்று எல்லாம் உடம்புக்குள்ளேயே கிடக்கின்றன. எதைக் கண்டு பயம் என்று ஒன்றாவது சொல்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“எதைக் கண்டுன்னு பயந்தவனுக்குத் தெரியும்டா. நீ போயி ஆட்டைப் புடிச்சுக் கட்டு” என்றார் அம்மா.

அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. கூலிக்குக் கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். நான் கிரேக்கம் பேசினால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

அந்த விடுமுறையில்தான் என் அக்கா மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வாலிகண்டபுரம், பெரம்பலூரில் டெய்லர். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊர் வாயை மூட முடியாது என்று அம்மா வேண்டாத சாமி இல்லை. வந்தவர்கள் பெரம்பலூரில் பஸ்ஸைத் தவறவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, மாப்பிள்ளையின் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார்.

“எம் மவன் பயத்துக்கெல்லாம் இங்கிலீசுல பேரு சொல்லுவான் சம்பந்தி” என்று அப்பா ஆரம்பித்தார். (சம்பந்தி ஆவதற்கு இன்னும் காப்பிகூட வரவில்லை.)

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. “எனக்கு அந்தப் பூச்சின்னாதான் தம்பி பயம்” என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினார்.

எங்கள் பக்கம் விளக்கு வைத்துவிட்டால் அதன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால், கூப்பிட்டார்களாக்கும் என்று வந்துவிடும். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். இது பால்குடி மறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் இரண்டாம் ஆண்டு அல்லவா?

“பாம்புன்னே சொல்லுங்க அத்தை! பேரைச் சொல்லாம மறைக்கிறதாலதான் பயம் வளருது. எங்க சொல்லுங்க, பாம்பு!”

அந்தம்மா முகம் வெளிறியது. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு “டேய்” என்றார். நான் நிறுத்தவில்லை. “ஒங்களுக்கு இருக்கிறது ஓபிடியோபோபியா. ஓபிஸ்னா பாம்பு. ஓபிடியோன்னா குட்டிப் பாம்பு. பாம்பு என்ன பண்ணும்? பாம்புக்குக் காதே கெடையாது!”

காது இல்லாத அது, சுவரோரம் குவித்திருந்த காய்ந்த கரும்பு இலைச் சோகையைச் சலசலக்க வைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆள் நீளம்.

மாப்பிள்ளையின் அம்மா கட்டில்மேல் ஏறி நின்றார். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அடுப்படிக்குள் புகுந்தார். எங்கள் அப்பா துண்டைத் தேடினார். நான் எங்கே போனேன் என்பது, நான் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. நின்ற இடம் பஸ் ஸ்டாப். போபோஸின் ஆதிப் பொருளை எறையூர் மண்ணில் அன்று நடத்திக் காட்டியவன் நான்.

மீதியை அம்மா சொல்லித்தான் தெரியும். காப்பித் தட்டோடு வந்த அக்கா, தட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒரு குச்சியை எடுத்தாளாம். கரும்புக் கொல்லையில் தினமும் பார்ப்பவள். “சாரைதாங்க. எலி தேடி வந்திருக்கு” என்று சொல்லி வேலிப் பக்கம் ஓட்டிவிட்டாளாம். மாப்பிள்ளை ஓர் அடிகூட நகரவில்லையாம். கட்டில்மேல் நின்றபடியே அவர் அம்மா முடிவு சொல்லிவிட்டார்: “எம் மவன் மட்டும் மலை மாதிரி நின்னான் பாருங்க. இவனுக்கு இந்தப் பொண்ணுதான். இன்னைக்கே பூ வச்சுட்டுப் போறோம்!”

நான் ஒளிந்து ஒளிந்து வீடு திரும்பியபோது அக்கா தலையில் பூ இருந்தது. அவளைப் பார்த்து எனக்கு வந்த பெருமை, இன்றுவரை எந்தப் பட்டத்துக்கும் வந்ததில்லை. அம்மா மட்டும் எனக்குச் சோறு போடும்போது தட்டை ஓங்கி வைத்தார்.

கல்யாணமான பிறகு ஒருநாள் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மச்சான், அன்னைக்கு நான் ஓடத்தான் பாத்தேன். காலு வரல. இதுக்கு எதுவும் பேரு இருக்கா?” அகராதி முழுக்க ஓடுகிறவர்களுக்குத்தான் பெயர் இருந்தது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: “தட்டுல டம்ளரு ஆடுன ஆட்டத்துலயே எனக்குத் தெரியும். காப்பி சிந்தாம புடிச்சிருந்தாரு, அது போதும்னுதான் சரின்னேன்.”

அக்காவின் மாமியாரான அத்தையின் பயம் மட்டும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பூச்சி என்றும் சொல்வதில்லை. “பூச்சின்னு சொல்லிச் சொல்லி அதுக்கே தெரிஞ்சுபோச்சு தம்பி. நீ சொன்ன பேரு அதுக்கு வெளங்காது” என்று ஓபிடியோ என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல் அவரிடமிருந்து வாலிகண்டபுரத்துத் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து வயலுக்குப் போனது.

போன மாதம் வாலிகண்டபுரம் போயிருந்தேன். இருட்டிய பிறகு கிளம்பும்போது அக்காவின் பேத்தி டார்ச்சோடு ஓடி வந்தாள். “தாத்தா, பாத்துப் போங்க. ஓபிடியோ கெடக்கும்.”

“அது என்ன பாஷைன்னு தெரியுமா? கிரேக்கம்!” என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

“போங்க தாத்தா, அது எங்க ஊரு பேச்சு” என்றாள்.