ஏ தரம் பெற்ற பன்றிக்கொட்டில்

பிரான்ஸில் எங்கள் கொரேஸ் மலைப்பக்கம் வீடு விற்பது ஒரு சாதாரண காரியம். வீடு ஒன்று இருக்க வேண்டும், வாங்க ஆள் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அரசாங்கம் இருக்க வேண்டும். முதல் இரண்டும் இல்லாவிட்டாலும் மூன்றாவது தவறாமல் வந்துவிடும்.

மர்சலேன் ரூபோ தன் பண்ணை வீட்டை விற்கத் தீர்மானித்ததற்கு ஒரே காரணம் அவர் மனைவி ஒர்தான்ஸின் இடுப்பு. அது அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. படுக்கையறை மாடியில். காலையில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே கீழே இறங்குவாள். இரவில் மர்சலேன் பின்னால் நின்று தள்ள, ஊரிலுள்ள வசவையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே மேலே ஏறுவாள். கீழ்த்தளத்தில் படுக்கலாம் என்றால் அங்கே சமையலறையும் குளியலறையும் மட்டும்தான். இந்த நிலையில் ப்ரீவ் நகரத்தில் நாலாவது மாடியில், லிஃப்ட் வசதியோடு ஒரு ஃப்ளாட் அவர்கள் கண்ணில் பட்டது.

"பொத்தானை அமுக்கினா போதும்யா. பெட்டி கீழ வந்து நின்னு, 'வாங்க மதாம், ஏறுங்க'ன்னு கூட்டிட்டுப் போகும். உன்னை மாதிரி மூச்சு வாங்காது," என்றாள் ஒர்தான்ஸ்.

ஃப்ளாட்காரர் நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாள் வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் பண்ணை வீடு விலைபோக வேண்டும்.

விலைபோகாமல் என்ன? மர்சலேன் தன் கையாலேயே புதுப்பித்த வீடு அது. கூரையை மாற்றினார், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்தார், அறைக்கு அறை ஹீட்டர் மாட்டினார், குளியலறைத் தரைக்கு அடியில் சூட்டுக் கம்பி பதித்தார். வேலை நடந்த இரண்டு குளிர்காலமும் புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்துப் பன்றிக்கொட்டிலில் படுத்துக் காலம் தள்ளினார்கள். அதை அவர்கள் வெளியே பெருமையடித்துக்கொண்டதில்லை.

வீட்டுத் தரகர் மதாம் பினெல் வந்து சுற்றிப் பார்த்தார். "பிரமாதம் முசே ரூபோ. வீடு, தானியக் களஞ்சியம், ரொட்டி அடுப்பு, புறா மாடம், பன்றிக்கொட்டில், எல்லாம் இருக்கு. ஒரு சின்ன சம்பிரதாயம் மட்டும் பாக்கி. எரிசக்தித் தர ஆய்வு. வீடு எவ்வளவு மின்சாரம் தின்னுதுன்னு பார்த்து ஏ-யில இருந்து ஜி வரைக்கும் மார்க் போடுவாங்க. ஏ வந்தா அதிர்ஷ்டம். ஜி வந்தா ஒரு ஈ காக்காகூட வாசப்படி மிதிக்காது."

ஆய்வாளர் முசே கிளவெல் காலை பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். அரசாங்கத்தின் மீது பக்தியும், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டின் மீது அதைவிடப் பக்தியும் உள்ளவர். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் எங்கள் நாட்டில் தீப்பிடித்த வீடுகூட இரண்டு மணி வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். இதை அறிந்தே ஒர்தான்ஸ் அடுப்பில் வாத்து வதக்க ஆரம்பித்திருந்தாள்.

கிளவெல் குளியலறைக்குள் காலை வைத்ததும் திடுக்கிட்டார்.

"என்ன இது, தரை சுடுது?"

"அடியில கம்பி ஓடுது முசே. பெண்டாட்டிக்கு இடுப்பு வலி, அதனால..."

"இதமா இருக்கா?"

"ரொம்ப இதம்."

கிளவெல் மிகுந்த வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். பிறகு ஹீட்டர்களை எண்ணினார். ஒவ்வொன்றின் முன்னும் சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்று தலையை ஆட்டினார். கடைசியில் தீர்ப்பு சொன்னார். "ஜி."

மர்சலேன் அவர் முன்னால் வந்து நின்றார். "ஏதாவது வழி சொல்லுங்க முசே. சூடு வெளிய போகாம சுவருக்கு வெளிப்பக்கம் பஞ்சு வெச்சு மூடிடட்டுமா?"

"செய்யலாம். ஆனா உங்க சுவர்ல இருந்து மாதா கோயில் கோபுரம் தெரியுது. கோபுரம் தெரியிற சுவரை மூடக்கூடாதுன்னு தொல்பொருள் இலாகா உத்தரவு."

"அப்ப உள்பக்கம் மூடறேன்."

"உள்பக்கம் உத்தரக் கட்டை பழசு. அதையும் தொடக்கூடாது."

"சரி, ஹீட்டரை எல்லாம் பிடுங்கிப் போட்டுடறேன். அப்ப மின்சாரமே செலவாகாதே?"

கிளவெல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முசே ரூபோ, ஒரு தடவை இதமா வாழ்ந்த மனுஷன் அதை விட்டுக்கொடுப்பான்னு சட்டம் நம்பாது. இந்த வீடு சுகம் கண்ட வீடு. அந்தக் கறை போகாது."

நேரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து வாத்து வாசனை முற்றத்துக்கு வந்தது. கிளவெல் காகிதங்களை மூடப் போனவர், கடமை உணர்ச்சி தடுக்க, முற்றத்து மூலையைக் காட்டினார்.

"அது என்ன?"

"பன்றிக்கொட்டில் முசே."

"கூரை இருக்கா?"

"ஓரளவுக்கு."

"மனுஷங்க யாராவது அதுல வசிச்சிருக்காங்களா?"

மர்சலேன் வாயைத் திறப்பதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து ஒர்தான்ஸின் குரல் வந்தது. "ரெண்டு குளிர்காலம்! எல்லாம் இந்த மனுஷன் புண்ணியத்துல! என் இடுப்பு அங்கதான் போச்சு!"

"அப்படின்னா அது குடியிருப்பு," என்றார் கிளவெல். குடியிருப்பு என்றால் ஆய்வு செய்தே ஆக வேண்டும். குனிந்து உள்ளே போனார்.

"ஹீட்டர்?"

"இல்ல முசே."

"வெந்நீர்?"

"இல்ல."

"விளக்கு?"

"ஜன்னல் வழியா நிலா தெரியும்."

"ஜன்னலா?"

"உண்மையைச் சொல்லணும்னா, ஓட்டை."

கிளவெலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துளி எரிசக்தியும் செலவழிக்காத குடியிருப்பு! இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் கண்ட முதல் ஏ. மர்சலேனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு வாத்து சாப்பிட்டார். பேரிக்காய்ச் சாராயம் இரண்டு சிறு கிளாஸ் குடித்தார். வால்நட் கேக்கில் பாதியைக் காலி செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேற்படி சொத்தில் வீடு: ஜி. பன்றிக்கொட்டில்: ஏ.

மதாம் பினெல் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் ஒரு தரம் திருப்பிப் படித்தார். பிறகு சொன்னார். "முசே ரூபோ, நாம விளம்பரத்தைத் தலைகீழா போட்டுட்டோம்."

புது விளம்பரம் இப்படி வந்தது: 'அமைதியான கிராமச் சூழலில், அதியுயர் ஏ தரம் பெற்ற, தொன்மை மாறாத சிறு குடியிருப்பு விற்பனைக்கு. துணைக் கட்டடங்களாக, புதுப்பிக்கப்பட்ட பண்ணை வீடு ஒன்றும் களஞ்சியம் முதலியனவும் உண்டு.'

அடுத்த சனிக்கிழமையே பாரிஸிலிருந்து ஒரு ஜோடி வந்து இறங்கியது. அவன் பெயர் தீபோ, அவள் அபோலின். இருவரும் உழவர்கள் போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தார்கள். ஆனால் மர்சலேன் தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான உழவனைப் பார்த்ததில்லை. முந்தின நாள் ஒர்தான்ஸ் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று வாளியைத் தூக்க, மதாம் பினெல் ஓடிவந்து பிடுங்கி வைத்துவிட்டார்.

அபோலின் கொட்டிலுக்குள் மூச்சை ஆழமாக இழுத்தாள். "இந்த வாசனை...?"

"பன்றி," என்றார் மர்சலேன். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

"தீபோ, கேட்டியா! செயற்கையா எதுவுமே இல்ல!"

தீபோ கல் தொட்டியைத் தடவிப் பார்த்தான். "இது குளிக்கிற தொட்டிங்களா ஐயா?"

"அதுல பன்றிக்குத் தீனி வெப்போம் தம்பி."

"எவ்வளவு நேர்மையான மனுஷங்க," என்று தீபோ மனைவியின் காதில் சொன்னான். "மழை ஒழுகுமா?"

"நல்லாவே ஒழுகும்."

"வானத்தோட அப்படியொரு தொடர்பு!" அபோலினுக்குக் குரல் தழுதழுத்தது. "எங்க பாரிஸ் வீட்ல ஒரு சொட்டுகூட ஒழுகாது ஐயா. நாங்க வாழறதே இல்ல."

ஒர்தான்ஸ் மர்சலேனின் விலாவில் இடித்தாள். "இதுங்களுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாருய்யா."

மர்சலேன் ஆசையோடு அவர்களைப் பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னல்களைத் திறந்து மூடிக் காட்டினார். காலணியைக் கழற்றிவிட்டுக் குளியலறைத் தரையில் நிற்கச் சொன்னார். இருவரும் மரியாதைக்கு ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு தீபோ கேட்டான். "இந்த வீட்டை என்ன செய்யலாம் ஐயா?"

"என்ன செய்யறதா? இதுல குடியிருக்கலாம் தம்பி."

"இல்ல, தரம் ஜி ஆச்சே. விறகு அடுக்கலாமான்னு கேக்கறேன்."

ஒவ்வொரு ஓடாகத் தூக்கிக் கூரையில் வைத்த கை மர்சலேனுடையது. ஜன்னல் சட்டத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் கழற்றி மறுபடி பொருத்தியவர் அவர். அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. இரண்டு பேரையும் வெளியே துரத்தும் வார்த்தை ஒரு கணம் வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தார். ஒர்தான்ஸ் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

"அடுக்கலாம் தம்பி," என்றார். "நல்லா உலரும்."

கேட்ட விலைக்கே முடிந்தது. சகல புனிதர் திருநாளுக்கு முன்னாலேயே ரூபோ தம்பதி ப்ரீவ் போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாள் ஒர்தான்ஸ் ஒரு காரியமும் இல்லாமல் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய் வந்தாள். காய் வாங்கப் போவாள். ஒரு வெங்காயம் மறந்துவிட்டது என்று மறுபடி போவாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் லிஃப்டிலேயே வைத்துத்தான் வணக்கம் சொல்வாள். மர்சலேன் அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. விறகு அடுக்கிய வீடு அவர் மனசை விட்டு மெல்ல மெல்ல இறங்கியது.

கிராமத்துச் செய்தி அவ்வப்போது காதுக்கு வந்தது. தீபோவும் அபோலினும் கொட்டிலில் சளியோடும் மனநிறைவோடும் வாழ்கிறார்களாம். அதைக் கேட்டு ஊரே கொட்டில்களைத் தூசி தட்டுகிறதாம். கொட்டில் இல்லாத மேயர், நாய்க்கூண்டைப் பெரிதாக்கி, மானம் போனாலும் போகிறது என்று அதில் இரண்டு இரவு படுத்து, குடியிருப்பு என்று எழுதி வாங்கிவிட்டாராம். மர்சலேன் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உலகம் எப்படி ஓடுகிறது என்று தனக்கு மட்டும் புரிந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

வசந்தகாலத்தில் ப்ரீவ் ஃப்ளாட் கட்டடத்து உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஒர்தான்ஸ் வரவில்லை, சந்தைக்குப் போயிருந்தாள். யார் வீட்டு நாய் குரைக்கிறது, குப்பைத் தொட்டியை யார் உருட்டுவது என்று காலை முழுக்கச் சண்டை நடந்தது. கடைசித் தீர்மானத்துக்கு வரும்போது பன்னிரண்டு அடிக்கப் போகிறது. எல்லோருக்கும் வயிறு கிள்ள ஆரம்பித்துவிட்டது. தலைவர் ஒரே மூச்சில் வாசித்தார். "கட்டடத்தைப் பி தரத்திலிருந்து ஏ தரத்துக்கு உயர்த்தவும், அதற்குத் தேவையான சிக்கன நடவடிக்கைகளை ஆய்வாளர் முசே கிளவெல் அவர்களின் முடிவுக்கே விடவும்..."

"என்ன நடவடிக்கை?" என்று யாரோ ஒருவர் கேட்டார்.

"பன்னிரண்டு ஆச்சு!" என்று நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள்.

முதலில் கையைத் தூக்கியவர் மர்சலேன். ஏ என்றால் என்ன மதிப்பு என்று அந்த அறையில் அவரைவிட யாருக்குத் தெரியும்? அக்கம்பக்கத்தில் தயங்கியவர்களையும், "தூக்குங்க முசே, தூக்குங்க மதாம். நான் அனுபவப்பட்டவன்," என்று தூண்டிவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் சாப்பிட ஓடினார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, மர்சலேனும் ஒர்தான்ஸும் சந்தையிலிருந்து இரண்டு கூடை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். லிஃப்ட் கதவில் பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு ஏ ஒட்டியிருந்தது. ஒர்தான்ஸ் பொத்தானை அமுக்கினாள். இன்னொரு தரம் அமுக்கினாள். பெட்டி வரவில்லை.

கிளவெல் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பழைய நண்பரைக் கண்ட சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றினார். "வாழ்த்துகள் முசே ரூபோ! லிஃப்டை நிறுத்தினோம், உடனே ஏ கிடைச்சுட்டது."

"சுகம் கண்டவன் விட்டுக்கொடுப்பான்னு சட்டம் நம்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மர்சலேன்.

"ஒருத்தர் சொன்னா நம்பாது. எல்லாருமா சேர்ந்து கை தூக்கினா நம்பித்தானே ஆகணும்? அதுவும் ஏகமனதா!"

ஒர்தான்ஸ் கூடையைக் கீழே வைத்தாள். நாலு மாடிப் படிகளையும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீ கை தூக்கினியா?"

மர்சலேன் தன் காலணியை ஆராய்ந்தார்.

கிளவெல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்வாசலைக் காட்டினார். அங்கே பழைய தகரம் போட்ட சைக்கிள் கொட்டகை ஒன்று இருந்தது. "போற போக்குல ஒரு சந்தேகம். மனுஷங்க யாராவது அதுல வசிச்சிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல," என்றாள் ஒர்தான்ஸ். "இன்னையில இருந்து இவர் வசிக்கப் போறார்."

கிளவெல் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.