பாம்பும் பாங்கும்

நாய் உட்கார்ந்துவிட்டது.

மதுரை விமான நிலையத்தின் வாசலுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே, கமாலுதீனின் பைக்கு முன்னால், பந்தியில் முதல் இலையைப் பிடித்துவிட்ட சம்பந்தியைப் போல அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

"சாத்தூர்ச் சேவு வாசம் அப்படி" என்று கமாலுதீன் சிரித்தார். "நாயாப் பிறந்தாலும் நாக்குன்னு ஒண்ணு இருக்கும்ல."

யாரும் சிரிக்கவில்லை. வெடிமருந்து வாசம் பட்டால் குரைக்காமல் உட்கார வேண்டும் என்பது அந்த நாய்க்குக் கொடுத்திருந்த பயிற்சி. இது கமாலுதீனுக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் திடீரென்று தாராளமாக இடம் கிடைத்தது.

கமாலுதீன் திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ் வைத்திருப்பவர். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். தனிமனித உரிமைப் பாதுகாப்புப் பேரவை நடத்துவது பெருமை. பேரவைக்கு அவரையும் சேர்த்து உறுப்பினர்கள் மூன்று பேர். லெட்டர்பேடு நான்கு கலர். சொந்தப் பிரஸ் இருந்ததால், திருத்தங்கலில் உரிமைக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அதைக் கேட்கும் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

விமானப் பயணம் இதுதான் முதல் தடவை. சென்னையில் மகள் ருக்சானாவுக்கு விடியற்காலையில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மருமகன் பைசல் துபாயில் இருந்தான். பிள்ளையின் காதில் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்ல ஆள் வேண்டும். மகளுக்குத் துணையாகப் போயிருந்த மனைவி மெகருன்னிசா, பக்கத்துப் பள்ளிவாசல் இமாமைக் கூப்பிடட்டுமா என்று போனில் கேட்டாள்.

"யாரையும் கூப்பிடாத!" என்றார் கமாலுதீன். "எம் பேரன் காதுல விழுற மொதச் சத்தம் எஞ்சத்தமாத்தான் இருக்கணும். மத்தியானத்துக்குள்ள வாறேன், பிளேன்ல."

அவசரத்தில் இரண்டு காரியம் செய்தார். அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டுச் சோலைச்சாமியிடம் ஒரு பையை இரவல் வாங்கினார். பல சீசன் ஆலைக்குப் போய் வந்த பை அது. சேவுப் பொட்டலங்கள் நசுங்காமல் இருக்க, பிரஸ்ஸில் கிடந்த வேஸ்ட் லேபிள் தாளைச் சுற்றிக் கட்டினார்.

சுதந்திர தினம் நெருங்கினால் விமான நிலையங்களில் சுதந்திரம் கொஞ்சம் குறைந்துவிடும். அது ஆகஸ்ட் இரண்டாவது வாரம்.

மத்தியப் பாதுகாப்புப் படை சப் இன்ஸ்பெக்டர் திவாரி வந்தார். பனாரஸ் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இட்லியோடு மட்டும்தான் சமாதானம் ஆகியிருந்தார். உடன் வந்த பெண் காவலர் ஆவுடைத்தாய்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். ஆவுடைத்தாய்க்கு இந்தி கேட்டால் புரியும்; பேச வருவதில் பாதி 'ஹாங் ஜி', அதாவது ஆமாங்க. மீதி 'ஜி ஹாங்'.

"பேக் கோலோ" என்றார் திவாரி.

"பையத் தொறக்கச் சொல்றாரு பாய்."

"எந்தச் சட்டத்துல தொறக்கச் சொல்றாரு?" கமாலுதீன் நெஞ்சை நிமிர்த்தினார். "காரணத்த எழுதிக் குடுக்கச் சொல்லு தாயி. குடிமகனுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இந்தா, நான் யாருன்னு பாக்கச் சொல்லு."

பையின் பக்க உறைக்குள் கைவிட்டு, பேரவையின் நிறுவனத் தலைவர் என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்ட விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். திவாரி முன்னும் பின்னும் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாததால் நாயின் மூக்கருகே கொண்டுபோனார். நாய் எழுந்து, கார்டை மோந்து, மறுபடியும் உட்கார்ந்தது.

பையை அவர்களே திறந்தார்கள்.

முதல் பொட்டலத்தின் மேல் காளான் போலப் புகை எழும் படம். கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலம். திவாரி எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆட்டம் பாம்?"

"அது சும்மா பேரு சார். உள்ள சேவு இருக்கு. காரச் சேவு!"

பெயர் ஒன்று, உள்ளே வேறொன்று என்பதைக் காவல் துறையில் யாரும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. திவாரியின் முகம் இறுகியது. கமாலுதீன் அவசர அவசரமாக அடுத்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அதில் பாம்பு மாத்திரை லேபிள். கொளுத்தினால் கரும்பாம்பு போல நெளிந்து வருமே, சின்னப் பிள்ளைகள் வைப்பது. சத்தமே போடாது. இதைவிடச் சாதுவான சரக்கு சிவகாசியில் கிடையாது.

"இதப் பாருங்க சார், பாம்பு! வெறும் பாம்பு!"

தமிழில் பாமுக்கும் பாம்புக்கும் நடுவில் ஒரு 'பு'தான் இருக்கிறது. பனாரஸ் காதுக்கு அந்தப் 'பு' எட்டவில்லை.

"பாம்?"

"ஆமா சார், பாம்பு!"

"ஒத்துக்கிட்டாரா?" என்கிற மாதிரி திவாரி ஆவுடைத்தாயைப் பார்த்தார்.

"ஹாங் ஜி" என்றாள் ஆவுடைத்தாய்.

விபரீதத்தை உணர்ந்த கமாலுதீன், பேரவைக் கூட்டங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த ஆங்கிலத்தை வெளியே எடுத்தார். "நோ பாம் சார்! ஸ்நேக்! ஸ்நேக் இன் பேக்!"

டிராலி தள்ளி வந்த அம்மாள் ஒருத்தி அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். "பைக்குள்ள பாம்பாம்!" என்று சேதி வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாம்பின் வயிற்றில் குண்டு கட்டியிருந்தது. திவாரி ஓரடி பின்வாங்கினார். நாய் மட்டும் பயப்படாமல் முன்னால் வந்து, கமாலுதீனின் வலது கையைப் புறங்கை, உள்ளங்கை என்று பாக்கி வைக்காமல் நக்கியது.

"யா அல்லா!" என்றார் கமாலுதீன்.

பாங்கு சொல்லப் போகிறவர். வீட்டிலேயே கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு கிளம்பியவர். நாய் நக்கிய கையோடு பேரனை எப்படித் தொடுவது? சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் தண்ணீர்க் குழாய் தெரிந்தது. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"எவிடன்ஸ்! எவிடன்ஸ்!" என்று கத்தியபடி திவாரி பின்னால் ஓடினார். தடயத்தைக் கழுவுகிறவனை அவர் படித்த பாடத்தில் ஒரே ஒரு வகையாகத்தான் சொல்லியிருந்தார்கள். குழாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது கமாலுதீனைப் பிடித்தார்கள்.

பையும் செருப்பும் பச்சைப் பெல்ட்டும் சோதனைக்குப் போயின. கமாலுதீன் ஒரு சின்ன அறைக்குப் போனார், நாயும் பின்னாலேயே போனது.

"கையத் தூக்கச் சொல்றாரு பாய்" என்றாள் ஆவுடைத்தாய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

"தூக்க முடியாது தாயி."

"இங்க வந்தும் உரிமை பேசாதீக."

"உரிமையெல்லாம் இல்ல. பெல்ட்ட உருவிட்டுப் போயிட்டாக. கையத் தூக்குனா வேட்டி எறங்கிரும்."

நாட்டின் பாதுகாப்பும் தனிமனித உரிமையும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்று அவர் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறார். அது இடுப்புக்கு நேராக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு நேரத்துக்கு ஒரு கை என்று உடன்பாடு ஆயிற்று. வலது கை தூக்கும்போது இடது கை வேட்டியைப் பார்த்துக்கொண்டது.

ஒன்றும் கிடைக்கவில்லை. திவாரி ஒரு கேள்வி கேட்டார்.

"கை கழுவ எதுக்கு ஓடுனீகன்னு கேக்காரு."

"பாங்கு சொல்லணும்மா. அதுக்குச் சுத்தமா இருக்கணும்ல?"

ஆவுடைத்தாய் இதற்கு இந்தி தேடினாள். கிடைக்கவில்லை. அப்படியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். "பாங்கு, சார்."

"பாங்?" திவாரியின் கண்கள் விரிந்தன. அவர் ஊரில் ஹோலிப் பண்டிகைக்குப் பாலில் கலக்கிக் குடிக்கும் போதை இலைக்கு அதுதான் பெயர். "பாங்?" என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

வாயால் சொல்வதுதானே என்று கமாலுதீன் பலமாகத் தலையாட்டினார். "ஆமா சார், வாயாலதான்! பச்சப்புள்ளைக்கு!"

"சோட்டா பேபி, சார்" என்று ஆவுடைத்தாய் தன்னால் ஆனதைச் சேர்த்தாள்.

பிறந்த குழந்தைக்குப் போதை இலை கொடுக்கக் கிளம்பிய ஆளை திவாரி தன் உத்தியோகத்தில் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஒலிபெருக்கியில் சென்னை விமானத்துக்குக் கடைசி அழைப்பு விடுத்தார்கள். கமாலுதீனின் பெயரையும் தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. மேடைக் குரல் எங்கோ போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேளு தாயி. எம் பேரப் பாத்துத்தான நிப்பாட்டுனாரு?"

ஆவுடைத்தாய் மேசை மேலிருந்த அடையாள அட்டையில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். இதற்கு அவளுக்கு இந்தி தேவைப்படவில்லை. திவாரி அந்தக் கேள்வியை வேறு பலரின் வாயிலிருந்தும் கேட்டிருக்க வேண்டும். நாயைக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

"நாய்க்குப் படிக்கத் தெரியாதுங்காரு பாய். இருநூறு உசுரு ஏறுது, பாவம் பாத்து ஒரு பைய விட்டாலும் அந்தப் பாவம் தன் தலையிலதான்ங்காரு."

"நாய்க்குத் தெரியாது, சரி. வாசல்ல நின்ன போலீஸ்காரக எல்லார் அடையாள அட்டையவும் ஒரு தடவை பாத்துட்டு, என் அட்டைய மட்டும் மூணு தடவை திருப்பிப் பாத்தாகளே, அவுகளுக்குப் படிக்கத் தெரியும்ல?"

இதை ஆவுடைத்தாய் மொழிபெயர்க்கவில்லை. திவாரியும் கேட்கவில்லை. நாய் கொட்டாவி விட்டது.

தலைக்கு மேலே பெரிய இரைச்சல் ஒன்று எழுந்து, தேய்ந்து, அடங்கியது. மேசை மேல் கிடந்த கமாலுதீனின் செல்போன் அடித்தது. திவாரி தலையசைத்தார்.

"ஏங்க, ஏறிட்டீகளா?" மெகருன்னிசா.

"ஏறிருச்சு. நான்தான் ஏறல."

"என்ன சொல்றீக! புள்ள பெறந்து எம்புட்டு நேரமாச்சு? எல்லாரும் கேக்காக. ருக்சானா வேற, அத்தா எங்கன்னு அழுகுறா. நான் இமாமையே கூப்பிட்டுக்கிறேன்."

"இரு, இரு! கூப்பிடாத! போனப் புள்ள காதுல வை. இங்கன இருந்தே சொல்றேன்."

"பச்சப்புள்ளைக ரூம்புக்குள்ள நம்மள விட மாட்டேங்காகளே."

"நர்சம்மா கையில குடு. வலது காதுன்னு சொல்லு!"

மறுமுனையில் கெஞ்சல், கதவுச் சத்தம், குழந்தை ஒன்றின் வீறிடல். "வச்சிட்டேன் சார், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

கமாலுதீன் மேற்குப் பக்கம் எது என்று உத்தேசித்துத் திரும்பினார். வலது கையில் போன். வழக்கப்படி இடது கை விரலைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். வேட்டியை மறந்துவிட்டார்.

அது இறங்கத் தொடங்கிய நொடியில் திவாரி எழுந்து வந்து இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தார்.

"அல்லாஹு அக்பர்..." கமாலுதீன் தாழ்ந்த குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மைக் முன்னால் கத்தியே பழகிய தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது அவருக்கே தெரியாது. போனில் அழுதுகொண்டிருந்த குழந்தை மெல்ல விக்கி, அழுகையை நிறுத்திக் கேட்டது.

"அரே!" என்றார் திவாரி கிசுகிசுப்பாக. "அஜான்! ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

பாங்குக்கு இந்தியில் அஜான் என்று ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. "அதத்தான் சார் அவரு வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டிருக்காரு" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

பாங்கு முடியும்வரை யாரும் அசையவில்லை. பேரவையின் நிறுவனத் தலைவர் கண்ணீர் வழியப் பேரனை வரவேற்றுக்கொண்டிருக்க, மத்திய அரசு அவருடைய வேட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து நின்றது.

முடித்ததும் திவாரி வேட்டியை அவர் கையில் ஒப்படைத்தார். பை வந்தது, பெல்ட் வந்தது. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் சேவு கொஞ்சம் குறைந்திருந்தது. சாயங்கால விமானத்தில் இடம் கேட்டு திவாரியே கவுண்டருக்குப் பேசினார். முன்பின் அறியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நேரம் அது. ஆனால் கமாலுதீனுக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை. போனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நர்சம்மா! கேட்டுச்சா? எம் பேரன் முழிச்சுப் பாத்தானா?"

"நல்லாக் கேட்டுச்சு சார். அழுகைய நிறுத்திட்டு, கண்ணைத் தொறந்து, அப்படியே பாத்துச்சு."

"எஞ்சத்தம்மா! அவன் கேட்ட மொதச் சத்தம்! எங்க ருக்சானா மகன்னா சும்மாவா?"

"ருக்சானாவா?" என்றாள் நர்ஸ். "நான் பேரெல்லாம் பாக்கலையே சார். எது அழுதுக்கிட்டு இருந்துச்சோ, அது காதுல வச்சேன்."