எனக்கு வரவேண்டிய எலும்பு முறிவு

சித்தூர்,
18-11-1976

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் சுந்தர்சிங் அவர்களுக்கு,

சத்தியநாதன் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். இவ்விடம் நானும் உங்கள் தங்கை தபீதாளும் பிள்ளைகள் இருவரும் தேவகிருபையால் நல்ல சுகம். அவ்விடம் திருப்பதியில் நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். மச்சான், நல்ல சுகம் என்று சம்பிரதாயத்துக்காக எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். ஜலதோஷம்கூட இல்லை. இரண்டு காலும் முழுசாக இருக்கின்றன. அதுதான் இப்போது எனக்கு வந்திருக்கிற கஷ்டம்.

சென்ற வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது மிஷன் மைதானத்தில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தீர்கள். ஒலிவமலைக் கால்பந்துக் கழகம் என்று பெரிய பெயர் இருந்தாலும் எங்கள் பதினொரு பேரில் ஒருவனுக்கும் பந்தினால் பத்துக் காசு வந்ததில்லை, ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு கோலி சோடா, அதுவும் ஜெயித்தால்தான். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்: "மாப்ள, மிஷின் மிதிக்கிற காலாலயே பந்தையும் உதைக்கிறீங்களே, அந்தக் காலு ஒண்ணு பூட்டுச்சுன்னா வூட்ல அடுப்பு எப்பிடி எரியும்?" நான் பயந்துபோனேன். உடனே நீங்கள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, விபத்து பாலிசி என்று ஒன்று இருக்கிறது, கால் ஒடிந்து வேலை செய்ய முடியாமல் படுத்தால் எழுந்து வேலைக்குப் போகிறவரை வாரம் அறுபது ரூபாய் கம்பெனி கொடுக்கும், கால்பந்துக்காகக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம், ஆனால் சம்பளம் வாங்கி விளையாடுகிறவனுக்குக் கிடையாது, சும்மா விளையாடுகிறவனுக்கு மட்டும்தான் என்றீர்கள். சும்மா விளையாடுவதற்கும் உலகத்தில் ஒரு மரியாதை இருக்கிறதே என்று எனக்கு உச்சி குளிர்ந்து கையெழுத்துப் போட்டேன். நான் போட்டது தெரிந்ததும் மறுநாள் காலையில் சாந்தகுமாரும் உங்களைத் தேடி வந்து போட்டுவிட்டான். மற்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

சாந்தகுமாரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் சர்ச் தெருவில் எபெனேசர் டெய்லர்ஸ் ஆரம்பித்து ஏழாம் மாதம் நேர் எதிரில் நியூ எபெனேசர் டெய்லர்ஸ் என்று போர்டு மாட்டினவன் அவன். நான் அட்லஸ் சைக்கிள் வாங்கினால் அவனும் அட்லஸ் சைக்கிள், அதுவும் டைனமோ வைத்து. பதினாலு வருஷமாக நான் பேக் ஆடுகிறேன், அவன் சென்டர் ஃபார்வர்டு. பந்தைத் தடுத்தவனை யாருக்கும் நினைவு இருப்பதில்லை, கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்குகிறார்கள். போன வருஷம் கேப்டன் தேர்தலில் ஒரே ஓட்டில் என்னைத் தோற்கடித்தான். அந்த ஓட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், மனதில் வைத்திருக்கிறேன், அது கிடக்கட்டும்.

இந்த அக்டோபர் இரண்டாம் தேதி, காந்தி ஜெயந்தி, புத்தூர்க்காரர்களோடு ஆட்டம். அவர்கள் பக்கம் முனிரத்தினம் என்று ஒரு லாரி டிரைவர், ஆளும் லாரி மாதிரியே இருப்பான். பந்து உயரத்தில் எழும்பி நேராக என்னிடம் வருகிறது. முனிரத்தினமும் வருகிறான். "லீவிட்! லீவிட்!" என்று நான் கத்துகிறேன், மைதானம் பூராவும் கேட்டது, பாஸ்டர் ஐயா சாட்சி. முன்வரிசையில் நிற்கவேண்டிய சாந்தகுமாருக்குப் பின்னால் வந்து என்ன வேலை? உதவி செய்கிறேன் என்று குறுக்கே காலை நீட்டினான். படார் என்று சத்தம். நான் சட்டைப் பித்தான்தான் தெறித்தது என்று நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மச்சான், நான் பொறாமைக்காரன் இல்லை, ஆனால் நியாயத்தைப் பேசவேண்டும். அது எனக்கு வந்த பந்து. ஆகையால் அது எனக்கு வந்த எலும்பு முறிவு. அதையும் நடுவில் புகுந்து அவன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

அன்றிலிருந்து இந்தத் தெருவில் நடக்கிற அக்கிரமத்தைக் கேளுங்கள். காலில் தொடைவரைக்கும் மாவுக்கட்டு, கடை வாசலில் நாற்காலி, எதிரில் ஸ்டூல், ஸ்டூலின்மேல் தலையணை, தலையணையின்மேல் அந்தக் கால். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று அதைப் பார்க்கிறார்கள். ஜவுளிக்கடை ரங்கையா வருஷா வருஷம் பள்ளிக்கூட யூனிபாரத்தை என்னிடம்தான் கொடுப்பார், அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அய்யோ பாபம், எந்த மஞ்சிவாடு" என்று தெலுங்கில், பாவம் எவ்வளவு நல்லவன் என்று, என்னைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போகிறார். வாரம் தவறாமல் கம்பெனியிலிருந்து செக் வருகிறது. தபால்காரர் எனக்குக் கேட்கும்படி "சாந்தகுமாருக்கு இன்சூரன்சு!" என்று கூப்பிடுகிறார். அவன் மனைவி ஜெயகுமாரி கடையைத் திறந்து வைத்துத் தைக்கிற துணியை வாங்கி வைத்துக்கொள்கிறாள், ஜனங்கள் "கால் சரியானப்புறம் மெதுவாத் தைச்சா போதும்மா" என்கிறார்கள். என்னிடம் துணி கொடுத்தவர்களோ நாளைக்கே வேண்டும் என்று நிற்கிறார்கள். நான் இரண்டு காலாலும் மிதித்து மிதித்து வாரத்துக்கு ஐம்பத்தைந்து ரூபாய் பார்க்கிறேன், அவன் ஒரு காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அறுபது பார்க்கிறான்.

சபையிலும் இதே கதைதான். ஆறு ஞாயிறாக ஆராதனையில் "எங்கள் சகோதரன் சாந்தகுமாருடைய வலது காலை நினைத்தருளும்" என்று ஜெபம். நானும் ஆமென் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன். மாதர் சங்கத்தில் முறை போட்டுக்கொண்டு அவனுக்கு ஆட்டெலும்பு சூப் கொண்டுபோகிறார்கள், வியாழக்கிழமை உங்கள் தங்கை முறை. நான் பொறுக்கமாட்டாமல், "இன்னாடி, எலும்பெல்லாம் எதிர் வூட்டுக்கே போவுது, இங்க ஒருத்தன் துன்ன மாட்டானா?" என்று கேட்டேன். அவள் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, "உங்களுக்குத்தான் எலும்பு நல்லா கீதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கட்டின மனைவியே இப்படிச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முட்டிக்கொள்வது என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது, போன ஆறாம் தேதி சனிக்கிழமை திருப்பதியில் நடந்த ஆட்டம். நீங்கள் அன்று நெல்லூர் போயிருந்தீர்களாம், இருந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். சென்டர் ஃபார்வர்டு இடம் காலியாக இருந்ததால் நான் போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். காலை ஒடித்துக்கொள்ளவேண்டும் என்று போகவில்லை, அது பாவம். ஒடிவதாயிருந்தால் தடுக்கவேண்டாம் என்று மட்டும் ஜெபம்பண்ணிக்கொண்டு போனேன். மழை பெய்து மைதானம் சேறாக இருந்தது, எனக்கு நம்பிக்கை வந்தது. அவர்கள் பக்கம் பேக் ஆடுகிறவன் ஏகாம்பரம், பஸ் டெப்போவில் டயர் கழற்றுகிறவன், அவன் உதைத்தால் பந்தே அழும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசில் ஊதினதும் நேராக அவன் காலைப் பார்த்து ஓடினேன். அவன் விலகிக்கொண்டான். மறுபடி ஓடினேன். மறுபடி விலகினான். நாலாம் தடவை என்னைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "இன்னா நைனா, பந்த வுட்டுட்டு என் காலுக்குள்ள பூந்துக்கினே கீறியே, உனுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்று கேட்டான். அப்புறம் நான் வந்தாலே அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் பாதை பெரிய பஜார் மாதிரித் திறந்து கிடந்தது. என்ன செய்வது, பந்து காலில் இருந்தது, உதைத்தேன். கோல். இரண்டாவது பாதியில் கோல் கம்பத்தில் மோதிக்கொள்ளலாம் என்று தலையை நீட்டிக்கொண்டு பாய்ந்தேன், பந்து நடுவில் வந்து தலையில் பட்டு உள்ளே போய்விட்டது. அதுவும் கோல். பதினாலு வருஷத்தில் என் முதல் இரண்டு கோல் மச்சான், உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள், நான் சந்திரகிரிவரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

சித்தூரில் இறங்கினதும் பையன்கள் பெரிய சாமந்தி மாலை வாங்கினார்கள். இரண்டு கோலும் நான் போட்டது, ஆகையால் அடக்கமாகத் தலையைக் குனிந்து நின்றேன். மாலை என்னைத் தாண்டிப் போயிற்று. எல்லாருமாகத் தெருவுக்கு வந்து, "கேப்டனுக்காக ஜெயிச்சோம்!" என்று கத்தி, அதை சாந்தகுமாருடைய மாவுக்கட்டுக்குப் போட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திமிரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். பாலிசிக் காகிதத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். எந்த வேலையும் செய்ய இயலாமல் இருக்கிறவரைக்கும்தான் வாரப் பணம் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கடையில் உட்கார்ந்தபடியே அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை, ஸ்டூலைச் சற்று நகர்த்தினால் தெரிகிறது. அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு கையில் ஊசி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான்! புதன்கிழமையும் அப்படியே. பொறுக்காமல் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். ஜெயகுமாரி என்னைக் கண்டதும் துணியைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இன்னாம்மா தைச்சிக்கினு கீறான்?" என்றேன். "ஒண்ணும் இல்லண்ணா, சும்மா பொழுது போவல" என்றாள். பொழுது போகாதவன் துணியை ஏன் மறைக்கவேண்டும்? கிறிஸ்துமஸ் ஆர்டரைத் திருட்டுத்தனமாகத் தைத்துக் கூலியும் வாங்கிக்கொண்டு கம்பெனியிடம் அறுபது ரூபாயும் வாங்குகிறான். ஆகையால் தாங்கள் இந்தக் கடிதத்தையே சாட்சியாக வைத்துக் கம்பெனிக்கு எழுதி அவனுடைய வாரப் பணத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. ஏஜெண்டாகிய தங்கள் நல்ல பெயர் கெடக்கூடாதே என்கிற ஒரே கவலைதான். முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, ஆகையால் இப்போதே தெருவைத் தாண்டிப்போய் அவனை நேருக்கு நேர் கேட்டுவிட்டு வந்து இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும். கர்த்தர் தங்கள் இல்லத்துக்கு நீடித்த ஆயுளையும், மாதாமாதம் நாலு புது பாலிசியையும் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
மா. சத்தியநாதன்

பி.கு. அண்ணாவுக்குத் தபீதாள் எழுதுவது. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நேற்று இவர் இதை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார், நான் படித்துவிட்டேன். படித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். நான் போவதற்குள் இவர் மெத்தையைத் தூக்கித் துணியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அது கூலித் தையல் இல்லை அண்ணா. கேப்டன் போடுகிற பனியன், இவர் அளவுக்கு. முதுகில் சாந்தகுமாருடைய ஒன்பதாம் நம்பரை ஊசியாலேயே தைத்திருந்தது, பாதி முடிந்திருந்தது. இனிமேல் ஓடுகிற ஆட்டம் கூடாது என்று டாக்டர் சாந்தகுமாரிடம் போன மாதமே சொல்லிவிட்டாராம், ஜெயகுமாரியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சாந்தகுமார் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு கோலு போட்டியாமே சத்தி. நான் இங்க கட்டில்ல கெடந்து அத்தக் கேட்டேன். வயிறு எரிஞ்சிது. மாலை போட்டன்னிக்கி உன் மூஞ்சியப் பாக்கவே முடியல. அறுபது ரூவாய நீ எடுத்துக்கோடா, எனக்கு அந்த ரெண்டு கோலக் குடு" என்றார். இவர் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதார், வளர்ந்த மனிதர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் இவர் பனியனை மேலே மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே வெளியே வந்தவர், நியூ எபெனேசர் வாசற்படியைப் பார்க்கவில்லை. இடது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாயிற்று.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு என்று படுத்தபடியே கெஞ்சுகிறார். நான் கிழிக்கவில்லை. கம்பெனிக்கு இதில் ஒரு வரியும் போகவேண்டாம், ஆனால் இன்னொருவருக்குப் பாலிசி விற்பதற்கு முன்னால் நீங்கள் இதை ஒருதரம் முழுவதும் படிக்கவேண்டும். இவருடைய கிளெய்ம் பாரத்தை உடனே அனுப்பவும். கிறிஸ்துமஸ் துணியை வெட்டிக்கொடுத்தால் தைத்துத் தருகிறேன் என்று சாந்தகுமார் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இன்று எங்கள் கடைக்கு வந்துவிட்டார், இனிமேல் தனக்குக் கம்பெனிப் பணம் வேண்டாம் என்று அவரே எழுதிப்போட்டுவிட்டாராம். இவர் நன்றாகத்தான் இருக்கிறார். சூப் குடித்தார். பாஸ்டர் ஐயாவும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். டாக்டர் ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார். சாந்தகுமாருக்குப் பன்னிரண்டு வாரம் சொன்னாரே, எனக்கு மட்டும் ஏன் பாதி என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.