அப்பா எந்தக் கட்டம்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு உன் இரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். ஃபோனில் கேட்டிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாய், உன் சம்பந்தி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் கடிதம்.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அப்பா என்ன வேலை பார்த்தார்?

சிரிக்காதே. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வசதியில்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே எத்தனை பேர், அவர்கள் ஏன் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று தெரிந்தாக வேண்டுமாம். பணியாளர் பிரிவுப் பெண் கூட்டம் போட்டு, "ஒண்ணுமில்ல, உங்களுக்குப் பதினாலு வயசுல அப்பா என்ன வேலை பாத்தார்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணிடுங்க, அவ்ளோதான்" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. டிக் அடித்து யார் மேலே போயிருக்கிறார்கள்? மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அன்று முதல் அலுவலகத்தில் நடப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. போன வாரம் வரை தாத்தா பங்களாவைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் இந்த வாரம் ஓட்டை வீட்டில் பிறந்தவர்களாகிவிட்டார்கள். எங்கள் இயக்குநர், "எங்கப்பா டிரைவர்ங்க" என்று தொண்டை கரகரக்கச் சொன்னார். விசாரித்தால், டிரைவர் லீவு போட்ட நாட்களில் அந்த அப்பா சொந்தக் காரைத் தானே ஓட்டியிருக்கிறார். கணக்குப் பிரிவுக்காரர் இருக்கிறாரே, உன் மருமகனின் சித்தப்பா, அவர் "நாங்க விவசாயக் குடும்பம்" என்கிறார். அந்த நிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஜீப் வேண்டும்.

வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். எங்கள் கூடத்தில் பாட்டில் கழுவும் பெண் வந்து என்னை மாட்டிவிட்டாள். பதினோரு வருஷமாகக் கழுவுகிறாள். கழுவுவதற்கு முன் பாட்டிலை முகர்ந்து பார்த்தே பரிசோதகர் எங்கே தப்புவிட்டார் என்று சொல்லிவிடுவாள். மாலைக் கல்லூரியில் வேதியியலும் முடித்துவிட்டாள். இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்களில் இருவருக்குப் பரிசோதகர் பயிற்சி உண்டு. அவளோ கொடுக்கவில்லை.

"ஏம்மா, வெள்ளிக்கிழமையோட முடியுது" என்றேன்.

"எங்கப்பா சாக்கடை அள்ளுனவரு மேடம். எழுதினா கையில டெஸ்ட் டியூபக் குடுப்பாங்களா, தொடப்பத்தக் குடுப்பாங்களா?"

"அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க."

"சரி, நீங்க எந்தக் கட்டம்?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "நீங்க எழுதிக் காட்டுங்க, அடுத்த நிமிஷம் நான் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

நான் என்ன எழுத? அப்பா மற்றவர்களுக்காக வரிசையில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டையோடு காலையில் கிளம்பி, எந்த அலுவலகமாக இருந்தாலும் ஊரார் காகிதங்களோடு அவர்கள் இடத்தில் நிற்பார். அக்கம்பக்கத்தில் 'ஆபீஸ் போறவர்' என்பார்கள். அதுவும் பொய்யில்லை, ஒரு நாளைக்கு மூன்று ஆபீஸ் போனார். ஒன்றிலும் உட்காரவில்லை என்பதுதான் விஷயம். படிவத்தில் ஒன்பது கட்டங்கள் இருப்பதாகச் சொன்னார்கள், நிற்பவருக்கு எந்தக் கட்டமோ. நீயோ உன் மகள் கல்யாணப் பத்திரிகையில் 'ஓய்வு பெற்ற அதிகாரி' என்று போட்டுவிட்டாய். நான் உண்மையை எழுதினால் அந்தச் சித்தப்பா மூலம் சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். ஆகவே உன் சம்மதம் வேண்டும்.

என் பதினான்காம் வயது, நீ கல்லூரியை விட்டுவிட்டு ஊர் சுற்றிய வருஷம், உனக்கு ஞாபகம் இருக்கும். கையெல்லாம் கறுப்பாக வந்து நிற்பாய், "என் நோட்டைத் தொடாதே" என்று கத்துவேன். படித்திருந்தால் நீயும் இன்று ஒரு நிலைக்கு வந்திருப்பாய் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று, மறுபடி ஆரம்பிக்கவில்லை. வியாழனுக்குள் பதில் சொல், ஸ்பீக்கர் இல்லாமல்.

அண்ணிக்கு என் அன்பு. பேத்திக்கு இரண்டு முத்தம். சம்பந்தி அம்மாளுக்கு, தேவையான அளவு மரியாதை.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் படிவத்தை இப்போதுதான் பிரித்துப் படித்தேன். முழுக்கப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள் என்று எனக்குப் பேர் வேறு! அதில் அப்பா என்ற சொல்லே இல்லை. 'உங்கள் பதினான்காம் வயதில் வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் செய்த வேலை' என்றிருக்கிறது. அந்த வருஷம் அப்பா கால் முறிந்து கட்டிலில் இருந்தார். பகலெல்லாம் எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தார். இருந்தும் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டோம், என் பள்ளிக் கட்டணம் ஒரு மாதமும் தவறவில்லை. எப்படி என்று நான் கேட்கவேயில்லை. சம்பந்தி, சம்மதம் என்று மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஒரு சொட்டுத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அண்ணா, உன் கையில் இருந்த அந்தக் கறுப்பு என்ன? சொல், எழுதிக் காட்ட வேண்டும். பாட்டில் கழுவும் பெண் காத்திருக்கிறாள்.