பதிவாளரை உள்ளே வைத்துப் பூட்டிய மாலை

சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதனை நம்பலாம் என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள். நம்பலாம்தான். ஆனால் அப்படிப்பட்ட ஒருவனிடம் ஒரு கட்டடத்தின் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனிதன் நான்தான்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லாத வீடு நம் ஊர் தன்னாமுனையில் இல்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். உண்மையில் எவ்வளவு முட்டாளாக இருந்தேனோ அவ்வளவு போதும், அதற்கு மேல் வேண்டாம்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளன் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகங்களை அடுக்குவது, தூசி தட்டுவது, மாலையில் மணி அடித்து ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுவது என் வேலை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவனுக்கு அவ்வளவு புத்தகங்களுக்கு நடுவில் வேலை கிடைத்ததில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. எனக்கு மேலே உதவி நூலகர்கள். அவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள். ஆனாலும் அவர்களுக்கும் எங்களுக்கும் சங்கம் ஒன்றுதான்.

அந்த வருடம் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் புது உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை நடந்தது. கோரிக்கைகள் பல இருந்தன. பதவி உயர்வு, விடுமுறை, படிப்பதற்கான லீவு என்று ஒரு பெரிய பட்டியல். ஆனால் எல்லோர் மனதிலும் கிடந்தது ஒன்றே ஒன்று. மாலைக் கடமை முடிந்து போகிறவர்களுக்கு ஒரு வேன்.

அந்த வேன் யாருக்குத் தேவையோ இல்லையோ, ஜெசீமா மிஸ்ஸுக்குத் தேவை. அவர் உதவி நூலகர், காத்தான்குடியைச் சேர்ந்தவர். மாலைக் கடமை ஏழு மணிக்கு முடியும். கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். பிறகு வாசலில் நின்று ஓட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டோ சில நாள் வராது. வாவிப் பக்கத்து நுளம்பு மட்டும் கடிக்க ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. மிஸ்ஸின் கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை. சின்ன மகள் மிஸ்ஸின் உம்மாவோடு. மிஸ் போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

"குணம் சேர், இந்த முறையும் வேன் இல்லையெண்டா நான் வேலைய விடுறன்," என்று எங்களோடு உதவி நூலகராக இருந்த சங்கத் தலைவரிடம் ஒருநாள் நேரே சொல்லிவிட்டார். "எனக்கு இந்த வேலை எவ்வளவு விருப்பமெண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா என்ட புள்ள முழிச்சிருக்கக்க அதுட முகத்தையும் பாக்கோணுமே."

குணம் சேர், பல்கலைக்கழக நிர்வாகத்தைப் பார்க்கிற பதிவாளரிடம் போனார். பதிவாளர் "பாப்பம்" என்றார். (அரசாங்கக் கந்தோரில் 'பாப்பம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நின்று பிரயோசனம் இல்லை.) ஆகவே சங்கம் சட்டப்படி வேலைப் போராட்டத்தை அறிவித்தது. சட்டத்தில் உள்ள வேலையை மட்டும் செய்வோம், மேலதிகமாக ஒரு துரும்பையும் தூக்கமாட்டோம். ஐந்து மணிக்கு நூலகம் பூட்டப்படும்.

சிற்றுண்டிச்சாலையில் கூட்டம் போட்டுக் குணம் சேர் பேசினார். மெல்லிய மனுசன், ஆனால் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் சிங்கம்.

"அஞ்சு மணிக்குப் பிறகு ஒரு நிமிசமும் இல்ல! ஆரு வந்து கெஞ்சினாலும் கதவு பூட்டுறதுதான்! கந்தோரில இருந்து போன் வந்தா எடுக்கப்படாது! நான் போன் அடிச்சாலும் எடுக்கப்படாது! அவங்க என்னை மிரட்டிப் போன் அடிக்க வைப்பாங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வித்தியாசம் என்னவென்றால், மற்றவர்கள் கை தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் அதை அப்படியே மனப்பாடம் செய்தேன்.

"பூட்டுற பொறுப்பு தவம் அண்ணனுக்கு," என்றார் குணம் சேர். "அவர் சொன்னா சொன்னதுதான்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமாங்கத் திருவிழாவில் தேர் வருவதுபோல வந்தேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நிர்வாகக் கட்டடத்தின் கூட்ட அறையில் குளிரூட்டி பழுதாகிக் கிடந்தது. அதனால் கடைசிப் பேச்சுவார்த்தையை நூலகத்தின் மேல்மாடி அறையில் வைத்தார்கள். நிர்வாகத்தின் பக்கம் பதிவாளர் சேர். எங்கள் பக்கம் குணம் சேரும் ஜெசீமா மிஸ்ஸும். கதிரைகளைத் துடைத்துப் போட்டது நான். தண்ணீர்ப் போத்தல் வைத்தது நான். கதவில் 'கூட்டம் நடைபெறுகிறது, உள்ளே வரவேண்டாம்' என்று பலகை தொங்கவிட்டதும் நானே.

ஐந்து மணி ஆனது. கீழே மணியை அடித்தேன். மாணவர்கள் போனார்கள். சட்டப்படி ஒவ்வொரு மாடியாகப் போய்ப் பார்க்க வேண்டும், போனேன். மேல்மாடி அறைக்கு முன்னால் நின்று காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

பேச்சுவார்த்தை என்றால் மேசையில் குத்துவார்கள், கத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் நூலகர்கள். பல வருடமாக நூலகத்துக்குள் காதோடு காதாகவே பேசிப் பழகியவர்கள். சண்டை பிடித்தாலும் கிசுகிசுத்துத்தான் பிடிப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பதிவாளரும் குரலைத் தணித்துவிட்டாராம். அன்று அந்த அறைக்குள் மூன்று பேரும் உச்சக்கட்டக் கோபத்தில் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வெளியே நின்ற எனக்கு ஒரு இலை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

'முடிஞ்சு போயிட்டாங்க போல' என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் 'உள்ளே வரவேண்டாம்' என்று எழுதியிருந்ததே! ஆள் இல்லாத அறைக்கு அந்தப் பலகை எதற்கு என்று உங்கள் அப்பாவின் மூளைக்குத் தோன்றவில்லை. கீழே வந்தேன், பிரதான மின் ஆளியை நிறுத்தினேன், இரும்புக் கேற்றை இழுத்துப் பெரிய பூட்டைப் போட்டேன். ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். நல்ல பூட்டு.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாரன் கட்டி, தேநீரோடு முற்றத்தில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. குணம் சேர்.

நான் எடுக்கவில்லை.

மறுபடி குணம் சேர். பிறகு தெரியாத ஒரு இலக்கம். பிறகு ஜெசீமா மிஸ். பிறகு மறுபடி குணம் சேர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாத்தியா," என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "சேர் சொன்னது சரி. அவரை மிரட்டிப் போன் அடிக்க வைக்கிறாங்க. நான் அசையமாட்டன்."

"எடுத்துத்தான் பாருங்களன்."

"அவரே எடுக்கப்படாது எண்டவர்."

"அவரே எடுக்கப்படாது எண்டிட்டு அவரே அடிக்கிறாரெண்டா என்னமோ நடந்திருக்குங்க."

"அதுதான் தந்திரம்," என்றேன். தேநீரை ஒரு வாய் குடித்தேன். அந்த வாய்த் தேநீரின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு அன்று எதுவும் ருசிக்கவில்லை.

ஏனென்றால் ஜெசீமா மிஸ் ஒரு படம் அனுப்பியிருந்தார். போனை முதலில் பார்த்தது உங்கள் அம்மா. பிறகு மெல்ல என் பக்கம் திருப்பினார். இரும்புக் கேற்றின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிவாளர் சேர் நிற்கிறார். மிருகக்காட்சிச்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பது மாதிரியான முகம். கீழே மிஸ் எழுதியிருந்தார்: "தவம் அண்ணன், நாங்க உள்ளுக்க."

"நல்லாப் பூட்டினீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இழுத்தும் பாத்தன்," என்றேன்.

அம்மா சிரிக்கத் தொடங்கியது அப்போதுதான். இன்னும் முடியவில்லை.

நான் சாரனோடு மோட்டார் சைக்கிளில் பாய்ந்தேன். வழியெல்லாம் என் வேலை போவது கண்முன்னே தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் முட்டாள்தனத்தால் வேன் போய்விடும். பதிவாளரைச் சிறைப்பிடித்தார்கள் என்று சொல்லிப் பேச்சுவார்த்தையையே முறித்துவிடுவார்கள். ஜெசீமா மிஸ் வேலையை விட்டுவிடுவார். இதையெல்லாம் செய்தது நிர்வாகம் அல்ல, நான்.

நான் வந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே நடந்ததைப் பிறகு மிஸ்தான் சொன்னார்.

மின்சாரம் நின்றதை வழக்கமான மின்வெட்டு என்று நினைத்துக் கூட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஆனால் கூட்டம் உண்மையில் தோல்வியில்தான் முடிந்திருந்தது. "வேன் சரிவராது, விசயம் முடிஞ்சுது" என்று பதிவாளர் கோப்பைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் கேற்றில் பூட்டு. மாற்றுச் சாவி நூலகரின் மேசைக்குள். நூலகரின் அறையும் பூட்டு. காவலாளி ஓடி வந்தார். ஆனால் அவரும் சட்டப்படி நடக்கிறவர்.

"பூட்ட உடைக்கிறதெண்டா பதிவாளர் எழுத்தில அனுமதி தரோணும் சேர்."

"நான்தான்டாப்பா பதிவாளர்!"

"தெரியும் சேர். எழுதித் தாங்க. சீலும் வேணும்."

சீல் பதிவாளரின் கந்தோரில். கந்தோரும் பூட்டு.

பதிவாளர் கொதித்தார். "இது திட்டம் போட்டுச் செய்த வேலை! பொலிசுக்குப் போவன்!"

"திட்டம் போட்டா எங்களையும் சேத்தா சேர் பூட்டுவாங்க?" என்றார் ஜெசீமா மிஸ். "அந்த மனுசன் பாவம், குணம் சேர் சொன்னத அப்பிடியே செஞ்சிருக்கு." குணம் சேர் தரையைப் பார்த்தபடி நின்றாராம்.

இருட்டத் தொடங்கியது. மின்சாரத்தை நான் நிறுத்தியிருந்தேனே, மின்விசிறியும் இல்லை. நுளம்பு கூட்டமாக வந்தது. பதிவாளர் தன் சாரதிக்குப் போன் செய்தார். சாரதியும் எங்கள் போராட்டத்தில் இருந்தவர், ஐந்து மணிக்கே போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை. ஒரு காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டே பதிவாளர் கேட்டிருக்கிறார்:

"கதவத் திறந்தாலும் இந்த நேரத்தில இஞ்ச இருந்து எப்பிடிப் போறது? பஸ்ஸும் போயிருக்குமே?"

மிஸ் போனின் வெளிச்சத்தைக் கோப்பின்மேல் பிடித்துக்கொண்டு, நூலகத்துக்குரிய அதே தணிந்த குரலில், "அதத்தான் சேர் நாங்க ரெண்டு வருசமாக் கேக்கிறம்," என்றாராம்.

பதிவாளர் மற்றக் காலையும் தூக்கிச் சொறிந்தாராம்.

"எப்பிடியும் சும்மாதானே நிக்கிறம்," என்று மிஸ் மறுபடி தொடங்கியிருக்கிறார். "உக்காந்து மறுகா ஒருக்காப் பாப்பமா சேர்?"

மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது அந்த இருட்டில் சாவி துவாரத்துக்குள் போகவே இல்லை. காவலாளிதான் டோர்ச் பிடித்தார். கேற் திறந்ததும் முதலில் பதிவாளர் வெளியே வந்தார். நான் மடித்துக் கட்டியிருந்த சாரனை மரியாதைக்கு இறக்கிவிட்டு நின்றேன்.

"சேர்... அஞ்சு மணியாகிட்டுது சேர்..." என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தவராசா, ஒரு பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டன்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பின்னால் வந்த குணம் சேர் என்னைக் கட்டிப் பிடித்தார். ஜெசீமா மிஸ் கையிலிருந்த உடன்படிக்கைத் தாளை உயர்த்திக் காட்டினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. காவலாளி மட்டும், "சீல் இல்லையே மிஸ்?" என்றார்.

மிஸ்ஸைக் குணம் சேர், தன் மனைவியைக் காரோடு வரவழைத்துக் கொண்டுபோய் விட்டார். பதிவாளருக்குக் காரில் இடம் இருந்தது. ஆனால் சங்கத் தலைவரின் காரில் ஏறினால் நாளைக்கு என்ன பேசுவார்களோ என்று யோசித்தாரோ என்னவோ, என் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். சாரன் கட்டிய என் முதுகைப் பிடித்துக்கொண்டு, மடியில் கோப்போடு, பல்கலைக்கழகத்தின் பதிவாளர் பட்டினம் வரை வந்தார். வழியில் நாய் துரத்தியது. வாவிப் பாலத்தில் காற்று அடித்தபோது என் சாரன் அவர் முகத்தை மூடியது. (இதை இன்றுவரை உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. இனிச் சொல்லுங்கள், பரவாயில்லை.)

இறங்கும்போது ஒன்று கேட்டார். "மழை பேஞ்சாலும் அந்தப் புள்ள அந்த வாசலிலதான் நிக்கிறதா?"

"ஓம் சேர். கூரையும் இல்ல."

மறுநாள் நிர்வாகத்தில் ஒருவர், பூட்டிய கதவுக்குள் போட்ட கையெழுத்து செல்லாது என்று வாதாடினாராம். பதிவாளர் சேர், "நான் முழு மனசோடதான் போட்டனான்," என்று சொல்லி, காவலாளி பார்க்கச் சீலும் குத்தினார். அடுத்த மாதம் வேன் வந்தது. வெள்ளை வேன். அதற்கு மாலை போட்டது ஜெசீமா மிஸ். முதல் நாள் கதவைத் திறந்து விட்டது நான். மூடும்போது எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள், "அண்ணன், பூட்டாதீங்க!" நூலகத்து ஆட்கள் அவ்வளவு சத்தமாகக் கத்தியதை அன்றுதான் கேட்டேன்.

என்மேல் விசாரணை ஒன்றும் வரவில்லை. பூட்டும் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு அறையையும் திறந்து, மேசைக்குக் கீழேயும் பார்க்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நம் வீட்டில் நடப்பதை நான் சொல்லத் தேவையில்லை. நாம் எங்கேயாவது புறப்பட்டு, நான் முன்கதவைப் பூட்டப் போனால், உங்கள் அம்மா ஒழுங்கையில் நின்று வெறும் வீட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்: "பதிவாளர் சேர், உள்ளுக்க இருந்தா வெளிய வாங்க! இவர் பூட்டப் போறார்!" புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், நமக்குப் பதிவாளர் ஒருவர் சொந்தக்காரர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

மாலையில் அந்த வெள்ளை வேன் நம் ஒழுங்கை முகப்பைத் தாண்டும்போது ஹோர்ன் அடிக்குமே, நீங்கள் கையசைக்க ஓடுவீர்களே, அதில் கண்ணாடி ஓரத்தில் இருப்பவர்தான் ஜெசீமா மிஸ். அவர் ஏன் நின்று உங்களோடு கதைப்பதில்லை என்று கேட்டீர்கள். வீட்டில் அவருடைய மகள் இன்னும் தூங்கியிருக்க மாட்டாள். அதுதான் அவசரம்.