சைக்கிளில் போய்க் காது தேடியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் காது மட்டும் ஒரு நாள் வீட்டில் இல்லை. அந்தக் கதையையும் உங்கள் மகளின் பெருமையையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

“எங்க பொண்ணு அதிர்ந்து பேச மாட்டா” என்று கல்யாணப் பேச்சின்போது சொன்னீர்கள். உண்மைதான். நூலகத்தில் வேலை பார்க்கிறவள். வீட்டிலும் புத்தக அலமாரிகளுக்கு நடுவே நிற்கிற மாதிரிதான் பேசுவாள். ஒன்றரை வருடமாக அவள் எது சொன்னாலும் தலையாட்டி வைத்திருக்கிறேன். எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்பது எனக்கே தெரியாது.

நேற்று மாலைதான் என் காதுக்கருவி காணாமல் போனது தெரிந்தது. காலையிலேயே போயிருக்கிறது, இன்றைக்கு ஊர் அமைதியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன். விடிந்தால் ஒரு தையல் கூடத்தில் பதினான்கு மெஷின்களைப் பழுது பார்க்க வேண்டும். தையல் மெஷினுக்கு வைத்தியம் காதால்தான். ஓடவிட்டுக் கேட்டால் எங்கே நோகிறது என்று அதுவே சொல்லும். காது கேட்காதவன் என்று தெரிந்தால் அடுத்த முறை வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். மகன் வெளியூரில். என் வீட்டம்மாள் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது உங்கள் மகள் வேலையிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சைக்கிளைத் திருப்பினாள். “மாமா, ஏறுங்க” என்றிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னாள் பாருங்கள், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

என் எழுபத்திரண்டு கிலோவும் கேரியரில் ஏறியது. முதலில் முடிவெட்டும் கடை. அங்கேதான் கருவியைக் கழற்றியிருந்தேன். கடைக்காரர் வாயை அசைத்தார். உங்கள் மகள் என் பக்கம் திரும்பிக் கத்தினாள். “நீங்க கழட்டினதை இவர் உங்க சட்டைப் பையிலதான் போட்டாராம். அந்தச் சட்டை எங்க மாமா?”

“சலவைக் கடையில போட்டுட்டேம்மா.”

“ஏழு மணிக்கு மூடிடுவாங்க. இறுக்கிப் பிடிச்சுக்குங்க.”

ஆற்று மேம்பாலம் வந்தது. இறங்கித் தள்ளலாமே என்றேன். “பேசாதீங்க மாமா, மூச்சு வீணாகுது” என்றாள். யாருடைய மூச்சு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் ஒரு கார்க்காரர் வெகுநேரமாக ஹாரன் அடித்திருக்கிறார் போலிருக்கிறது, நான் பாட்டுக்கு ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி ஏதோ திட்ட, உங்கள் மகள் மிதிப்பதை நிறுத்தாமலே எனக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: “பெரியவரோட காது தொலைஞ்சு போச்சு, தேடிட்டுப் போறோம். உங்களுக்குத்தான் ரெண்டும் இருக்கே, கொஞ்சம் பொறுங்க.” அவர் பாலம் முடியும்வரை எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

சலவைக் கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. அதற்கடியில் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பைகளில் கிடைப்பதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்களாம், கடைக்காரர் நாளைக்கு வரச் சொன்னாராம். “நாளைக்குப் பதினாலு மெஷின் இவருக்காகக் காத்திருக்கும். இப்பவே திறங்க” என்றாள். திறந்தார். பொத்தான்கள், சாவிகள், சீப்பு, அடியில் காதுக்கருவி. எடுத்து மாட்டிக்கொண்டேன். முதலில் கேட்டது அவள் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம், பழைய குரலில், “கேக்குதா மாமா?” என்றாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவள் மெல்லப் பேசியது எனக்கு ஒரு எழுத்துவிடாமல் கேட்டது. இந்தத் தடவை தலையாட்டவில்லை, “கேக்குதும்மா” என்றேன்.

இன்று காலை பதினான்கு மெஷினும் பார்த்து முடித்தேன். ஒன்பதாவது மெஷினின் கொக்கியில் இருந்த மயிரிழை விரிசலைக்கூடச் சத்தத்திலேயே பிடித்தேன். முதலாளி அம்மாள் கைகுலுக்கினார். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் உங்கள் மகளுக்குரியது, அவளை வளர்த்த உங்களுக்குரியது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது சலவைக் கடையிலிருந்து ஃபோன். நாங்கள் எடுத்து வந்த கருவி ஒரு பாட்டு டீச்சருடையதாம். என்னுடையது சட்டையின் உள்பையிலேயே இருந்து, துவைத்து, இஸ்திரியும் போட்டு, தட்டையாகக் கிடைத்திருக்கிறது. ஆக, பதினான்கு மெஷினும் அந்த அம்மாள் காதால்தான் சரியாகியிருக்கின்றன. டீச்சர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக உங்கள் மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஊரின் மறுகோடி, இரண்டு மேம்பாலம் தாண்ட வேண்டும். அவள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறேன்.