பெருஞ்செவிக்கு எட்டிய செய்தி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, துணைக்குழுவைக் கண்டுபிடித்தது. மூன்றில் எது பெரிது என்று, ஆடு மேயும் பொட்டலான காரூச் சமவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெருப்பு அணைந்துவிடும், சக்கரம் பஞ்சராகிவிடும். துணைக்குழுவுக்கு மட்டும் அழிவே கிடையாது.

இதற்கு நடமாடும் சாட்சி, அகில உலகப் பெருஞ்செவித் திட்டம். காலம் தொடங்கிய நாளில் வானத்தின் அந்தக் கோடியில் யாரோ விட்ட பெருமூச்சைக்கூட இங்கே உட்கார்ந்தபடி கேட்டுவிட வேண்டும் என்பது நோக்கம். வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் கிண்ண ஆன்டெனாக்களை நட்டு, எல்லாவற்றையும் ஒரே காதாகக் கோத்துவிடுவது வழி. பல நாடுகள் கூடின. திட்டமிட்டன. எப்படித் திட்டமிடுவது என்பதையும் திட்டமிட்டன. காதை எங்கே வைப்பது என்று இரண்டு கண்டங்கள் மல்லுக்கு நின்றபோது, ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பாயிற்று. ஒரு காது இங்கே, இன்னொரு காது கடல் தாண்டி. நடுவில் தலை என்று ஒன்று இருக்கிறதா என யாரும் கேட்கவில்லை.

திட்டம் தொடங்கியபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது அதே திட்டத்தில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அவசரப்பட்டு எதையும் கட்டிவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியால், இதுவரை எழுந்திருப்பவை மூன்றே மூன்று மாதிரிக் கிண்ணங்கள். மற்ற நாடுகள் இதைக் கண்டு பொறாமைப்படலாம்; ஆனால் மற்ற நாடுகளும் இதில்தான் உறுப்பினர்.

அந்தச் சமவெளியில் உள்ள கிளிப்டாம் ஊர்க்காரனான ஏபன் ஸ்வார்ட்ஸ் இந்தத் திட்டத்தின் 'அமைதி அதிகாரி'. பெருஞ்செவிக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் சிணுங்கினால் போதும், நட்சத்திரங்களின் பேச்சு காதில் விழாதாம். ஆகவே சமவெளியில் உள்ள செல்போன், மைக்ரோவேவ் அடுப்பு, வெல்டிங் மெஷின் அத்தனையையும் வாயடைக்க வைப்பது அவன் கடமை. பெட்ரோல் வண்டி உள்ளே வரக் கூடாது. அதன் தீப்பொறிக்கே வானம் கலங்கிவிடும். டீசல் வண்டிதான். தும்மலுக்கு மட்டும் இன்னும் விதி வரவில்லை, பரிசீலனையில் இருந்தது.

ஏபன் கெட்டவன் இல்லை. வேலையை வேலையாகச் செய்கிறவன், அவ்வளவுதான். "எம் பையன் வானத்துக்கே வாட்ச்மேன்" என்று அவன் அம்மா சர்ச் வாசலில் பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பெருமையைக் கேட்டு உதட்டைச் சுழிக்கிறவள் ஒருத்திதான்: சன்னா ஃபிலாண்டர். கிண்ணங்களுக்கு அடுத்த நிலத்தில் ஆடு வளர்க்கும் விதவை. வயதில் மூத்தவள் என்பதால் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் 'டான்னி சன்னா'.

டான்னி சன்னாவுக்கும் திட்டத்துக்கும் நடுவில் நின்றது ஒரு மின்வேலி. நரியை விரட்ட, கம்பியில் ஒரே சீராக விட்டு விட்டுக் கொஞ்சம் மின்சாரம் பாயும். நரிக்கு அது மூக்கில் சுளீர் என்று விழுகிற குட்டு. வானத்துக்கோ பெரும் இரைச்சல் என்று திட்டம் சொன்னது.

மக்களைக் கேட்காமல் எதையும் செய்கிற திட்டமா இது? சர்ச் ஹாலில் 'மக்கள் கருத்தறியும் கூட்டம்' கூட்டினார்கள். திட்டக் குழுவின் தலைவர் சர் பெரெக்ரின் ஹாலோவெல் லண்டனிலிருந்து பறந்து வந்தார். குழுவினர் ஒவ்வொருவருக்கும் மொழிபெயர்ப்பு கேட்க உயர்ரக ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். ஹெட்போன் துணைக்குழு தன் வேலையைக் கச்சிதமாக முடித்திருந்தது. மொழிபெயர்ப்பாளரை நியமிக்க வேண்டிய துணைக்குழு இன்னும் கூடவில்லை. உள்ளூர் பாஷையும் இங்கிலீஷும் தெரிந்த ஏபனோ, வாசலில் நின்று எல்லோரிடமும் செல்போன் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

டான்னி சன்னா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேடைக்கு நேராகப் போய், சர் பெரெக்ரினுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று, கிளிப்டாம் பாஷையில் நறுக்கென்று பேசினாள். சர் பெரெக்ரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அவர் காதில் விழுந்ததெல்லாம் ஹெட்போனின் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம். வானத்திலிருந்து வரும் அதே மாதிரிச் சத்தத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு அது சுகமாகவே இருந்தது.

"அருமையான பாஷை. சங்கீதம் மாதிரி இருக்கு," என்று அவளிடம் சொல்லி, பெருஞ்செவிப் படம் போட்ட ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைப் பரிசளித்தார். 'மக்கள் மனமுவந்து வரவேற்றனர்' என்று செயலாளர் உல்லா எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஏபன் போய் மின்வேலிப் பெட்டிக்கு சீல் வைத்தான்.

அந்த வருஷம் பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் நரி தின்றது.

மறு வருஷம் குட்டி போடும் பருவம். குழு மறுபடியும் வந்திருந்தது. இந்த மூன்று மாதிரிக் கிண்ணங்களால் ஏதாவது பயன் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் முழுக் காதையும் கடல் தாண்டிக் கொண்டுபோவது என்று பேச்சு. கிளிப்டாமின் கௌரவம் அந்தரத்தில் தொங்கியது. இரும்புத் தகடு போர்த்திய கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒலிபெருக்கி, 'டக்' என்றது.

கொஞ்ச இடைவெளி. மறுபடியும் 'டக்'. அப்புறம் இன்னொரு 'டக்'. கடிகாரம் தோற்றுப்போகும் ஒழுங்கு.

சர் பெரெக்ரின் மெல்ல எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது இயற்கை இல்ல. இவ்வளவு ஒழுங்கா அடிக்குதுன்னா, பின்னாடி ஒரு அறிவு இருக்கணும்."

"இருக்கு சார்," என்றான் ஏபன், தன்னையறியாமல்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து ரேடியோவில் ரக்பி வர்ணனை கேட்டவன் அவன். வர்ணனைக்கு நடுவே ஓயாமல் இதே 'டக்' வரும். அப்பா ரேடியோ மண்டையில் ஒரு தட்டு தட்டி, "சன்னா வேலியப் போட்டுட்டா" என்பார். அதே வேலி, அதே 'டக்'. கிழவி பெட்டியில் வைத்த சீலை உடைத்துவிட்டாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து சார் வருது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒரு விஞ்ஞானியாவது இதைக் கேட்பார் என்று காத்திருந்து பார்த்து அலுத்த பிறகுதான் கேட்டான்.

சாப்பாட்டு மேசையில் கெட்ட வார்த்தை பேசிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"மிஸ்டர் ஸ்வார்ட்ஸ்," என்றார் உல்லா பரிவோடு, "அந்தக் கேள்வி திசைத் துணைக்குழுவோடது. நாம எடுத்தா அவங்க மனசு புண்படும்."

"அது எப்ப கூடும் மேடம்?"

"அடுத்த வருஷம். ஏரிக்கரையில நல்ல ஹோட்டலாப் பாத்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் 'மேலேர்ந்து'ன்னு வச்சுக்கலாமே."

'மேலிருந்து' என்பது ஒருமனதாக நிறைவேறியது.

ஏபன் டீசல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு டான்னி சன்னா வீட்டுக்குப் பறந்தான். அவள் பட்டியில் ஒரு குட்டியை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"டான்னி, வேலியப் போட்டீங்களா?"

"போட்டேன். உன் சீலு அடுப்புல கெடக்கு, வேணும்னா சாம்பல அள்ளிக்க."

"என் வேலை போயிடும் டான்னி."

"உனக்கு வேலை போனா வேற வேலை. எனக்கு இந்த வருஷக் குட்டியும் போனா பண்ணை போச்சு. அப்புறம் டவுன்ல தங்கச்சி வீட்டுக் கொல்லையில ஒரு நாற்காலி போட்டு உக்கார வேண்டியதுதான். அவ பேச்சக் கேட்டுக்கிட்டே சாகணும். அவ பேச்ச நீ கேட்டிருக்கியா?"

ஏபன் கேட்டிருக்கிறான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"எதுக்குடா இப்படி வேர்க்குது உனக்கு?"

நடந்ததைச் சொன்னான். லண்டன் பெரியவர் இவள் வேலியை வேற்றுலகத்து அறிவு என்று நினைத்து அழுதுகொண்டிருப்பதைச் சொன்னான். டான்னி சன்னா குட்டியைக் கீழே விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் உண்மையச் சொல்லு. பொய்ச் சேதிக்கு அந்த மனுஷன் அழ வேண்டாம், பாவம்," என்றாள்.

ஏபனும் ஒழுக்கமாகப் போய்ச் சொன்னான். சர் பெரெக்ரின் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, சத்தம் கீழேர்ந்து வருதுங்கறீங்க."

"ஆமா சார். பக்கத்துப் பண்ணை. வெளிய வந்து பாத்தா தெரியும்."

"கீழேர்ந்துன்னா அதுவும் ஒரு திசைதானே?"

"ஆமா சார்."

"அப்ப அது திசைத் துணைக்குழுவுக்குப் போகணும்," என்று சர் பெரெக்ரின் பெருமூச்சு விட்டார். "உங்க ஆர்வத்தப் பாராட்டுறேன். அடுத்த வருஷம் ஒரு மனுவாக் குடுங்க."

இப்படியாக உண்மை வரிசையில் நின்றது. அதற்குள் குழு ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தது: வந்த குரலுக்குப் பதில் அனுப்ப வேண்டும். கேட்பதற்கென்றே உள்ள இடத்திலிருந்து பேசலாமா என்று ஒருவர் முனகினார். அவரைத் தலைவராகப் போட்டு ஒரு துணைக்குழு அமைத்ததும் முனகல் நின்றது. பதிலின் வாசகத்துக்காகப் பல நாட்டு அறிஞர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அனுப்பும் நேரத்தில் சமவெளியில் ஒரு பல்புகூட எரியக் கூடாது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வா என்று ஏபனுக்கு உத்தரவு.

டான்னி சன்னா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு பத்து நிமிஷம் வேலிய நிறுத்துங்க டான்னி. அந்தக் குரலுக்குப் பதில் அனுப்புறாங்க."

"எந்தக் குரலுக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்படியா? என்னடா சொல்றாங்க எனக்கு?"

ஏபன் மனப்பாடமாகச் சொன்னான். "'உங்கள் குரல் எங்களை எட்டியது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எங்கள் சகோதரர்கள். நலமா? உங்களுக்கு ஏதாவது குறை உண்டா? தயங்காமல் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.'"

சிரிப்பாள் என்று ஏபன் எதிர்பார்த்தான், அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவு மரியாதையா என்ன யாரும் கேட்டதில்ல," என்றாள். "கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா நல்லாருக்குமா?"

வேலியை நிறுத்தினாள். பத்து நிமிஷம் கழிந்ததும் வேலிப் பெட்டியின் ஸ்விட்சைப் பிடித்தாள். ஒரு வார்த்தை சொல்வாள், ஸ்விட்சைத் தட்டுவாள். நீளமான வார்த்தைக்கு நீளமாக விட்டு, சின்ன வார்த்தைக்குச் சட்டென்று அணைத்தாள்.

"என்." டக். "குட்டிய." டக் டக். "நரி." டக். "திங்குது." டக் டக். "என்." டக். "வேலிய." டக் டக். "விட்டுடுங்க." டக் டக் டக்.

தடுக்க வேண்டியது அமைதி அதிகாரியின் கடமை. ஏபனுக்குக் கை எழவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. போன வருஷம் சீல் வைக்க வந்த அன்றும் அவள் ஏதோ சொன்னாள். அவன் நின்று கேட்கவில்லை.

"முடிஞ்சுது," என்றாள். "வா, காப்பி குடி."

அவன் திரும்பி வந்தபோது கட்டுப்பாட்டு அறையில் திருவிழா. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஷாம்பெயினைத் திறந்திருந்தார்கள். மூடி பறந்த சத்தத்துக்கு யாரும் விதிமீறல் எழுதவில்லை.

"பதில் வந்துடுச்சு மிஸ்டர் ஸ்வார்ட்ஸ்!" என்று சர் பெரெக்ரின் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாம கேட்டு முடிச்ச அடுத்த நிமிஷமே! எவ்வளவு பண்பட்டவங்க பாருங்க. நம்ம குழுவுல ஒரு பதில் வாங்க எத்தன வருஷம் ஆகும்!"

"என்ன சொல்றாங்க சார்?"

"அதுக்குத்தான் பொருள் விளக்கத் துணைக்குழு. உலகத்துல உள்ள பெரிய மொழி அறிஞர்கள் எல்லாரும் வர்றாங்க. பொருள் தெரியற வரைக்கும் இந்தச் சமவெளியில ஒரு துரும்பு அசையக் கூடாது. எது ஓடுதோ ஓடட்டும், எது நிக்குதோ நிக்கட்டும். எதையும் நிறுத்தாதீங்க. இது உங்களுக்கு உத்தரவு."

"கண்டிப்பா சார்," என்றான் ஏபன். பணிக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு மனசாரப் பணிந்த உத்தரவு அவனுக்கு வேறு இல்லை.

அப்படியாக வேலி இன்றும் ஓடுகிறது. டான்னி சன்னாவின் குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்து கிண்ணங்களின் நிழலில் மேய்கின்றன. பெருஞ்செவி காரூவிலேயே நிலைத்தது. பொருள் விளக்கத் துணைக்குழு மூன்று கண்டங்களில் கூடி, செய்தியின் முதல் சொல் 'சமாதானம்' ஆகவோ அல்லது 'ஹைட்ரஜன்' ஆகவோ இருக்கலாம் என்ற அளவுக்கு முன்னேறியிருக்கிறது. முழுப் பொருளும் தெரிய இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம் என்று சர் பெரெக்ரின் பணிவோடு ஒப்புக்கொள்கிறார்; அவ்வளவு தொலைவிலிருந்து வந்த சேதி அல்லவா?

சர்ச் ஹாலில், தொப்பியோடு, அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று டான்னி சன்னா வாயால் சொன்னதும் இதே வார்த்தைகளைத்தான். அன்று அவர் காதில் ஹெட்போன் இருந்தது.